தீவின் மலைகளுக்கு எந்தப் பக்கம் வெளிச்சம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். தணிகாசலம் சார், ஷபீர், கோகிலா, நான். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகப் பேசிய நிவேதா மேடத்தையும் சேர்த்தால் ஐந்து. கீழ்வீட்டு ஓனரம்மா தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஏதோ சொல்வதற்காக மாடிப்படி வரைக்கும் வந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போய்விட்டார். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிற்பாடு இந்தக் கதையைக் கேட்டவர்கள், ஏதோ பெரிய சபையில் நான் எழுந்து நின்று பேசியதுபோலச் சொல்லித் திரிகிறார்கள். நான் எழுந்து நிற்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

எழுதச் சொன்னது ஷபீர்தான். அவன் இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனி ஒன்றில், நிலப்படம் போடும் பிள்ளைகளுக்கு மேலாளாக இருக்கிறான். “அக்கா, இந்தப் பசங்க ஒரு பட்டனைத் தட்டறாங்க, மலை வந்து நின்னுடுது. ஏன் இந்தப் பக்கம் நிழல்னு கேட்டா முழிக்கிறாங்க. நீங்க ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க, படிக்கக் குடுக்கறேன்” என்றான். எட்டாவதோடு நின்றவள் எழுதுவதை அவ்வளவு படித்த பிள்ளைகள் படிப்பார்களா என்று கேட்டேன். “முதல்ல எழுதுங்க. பயப்படறதை அப்புறமா பயந்துக்கலாம்” என்றான். பழகின நாளிலிருந்து அவன் எனக்குச் சொல்கிற ஒரே ஆறுதல் இதுதான்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் காய்ந்துபோனதில் என் படிப்பு நின்றது. பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்றுகிற மலை இருக்கிற டவுனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டார்கள். பென்சிலால் நெகட்டிவில் பரு மறைக்கிற வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, போட்டோஷாப் வந்தது, அதே பருவை எலிப்பொறி மாதிரி இருந்த மவுஸை வைத்து மறைத்தேன். அங்கே கற்றதில் ஒன்றைத்தான் இங்கே சொல்ல வேண்டும். முகத்தைத் திருத்தும்போது படத்தைத் தலைகீழாக வைத்துக்கொள்வோம். நேராக வைத்தால் கல்யாணப் பெண் தெரிவாள், அவள் கன்னத்தில் இருக்கும் கறை தெரியாது. தலைகீழாக வைத்தால் ஆள் மறைந்துபோய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். எங்கே தடவ வேண்டும் என்று அப்போதுதான் கண்ணில் படும்.

தணிகாசலம் சார் தன் மகள் கல்யாண ஆல்பத்துக்காக ஸ்டுடியோவுக்கு வந்தவர். சென்னையில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். நான் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “கன்னத்தில எது மேடு, எது பள்ளம்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டார். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று தெரிந்தால் மேடு தானாகத் தெரியும் என்றேன். மறுவாரமே வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்பக்கம், புதிதாக வீடுகள் முளைத்த தெருவில், ஒரு மாடியில் அவர் தொடங்கியிருந்த ஆபீஸில் எனக்கு நாற்காலி போட்டுவிட்டார். ஷபீர் அங்கே ஏற்கெனவே இருந்தான். பெரிய பள்ளிவாசல் பக்கத்துப் பையன், பாலிடெக்னிக் முடித்தவன், வாய் ஜாஸ்தி.

வேலை என்னவென்றால், வியூக விளையாட்டு என்று ஒன்று இருக்கிறது. திரையில் ஒரு தேசம் விரிந்து கிடக்கும். ஆடுகிறவர் தன் படையை நகர்த்தி ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மலை குறுக்கே வந்தால் படை நின்றுவிடும், கணவாய் இருந்தால் அதன் வழியாக நுழையலாம். அதனால் எது மேடு, எது பள்ளம் என்று ஆடுகிறவருக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும். தட்டையான திரையில் அந்த மேடு பள்ளத்தைக் காட்டிக் கொடுப்பதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

முதலில் ஒரு சாம்பல் படம் செய்வோம். கறுப்பு என்றால் கடலின் அடி, வெள்ளை என்றால் சிகரம். நடுவில் இருக்கிற சாம்பல் ஒவ்வொன்றும் ஓர் உயரம். கடல்மட்டத்துக்கு எந்தச் சாம்பல் என்று விளையாட்டு செய்கிறவர்களே நம்பர் கொடுத்துவிடுவார்கள். அந்த நம்பருக்கு ஒரு பொட்டு கீழே இறங்கினால் வயல் முழுக்கத் தண்ணீரில் முங்கிவிடும். மெத்தென்ற பெரிய பிரஷ் எடுத்து, அழுத்தத்தை மிகக் கம்மியாக வைத்து, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவித்தான் மலையை எழுப்ப வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் வெள்ளையை அப்பினால் மலை வராது, கொப்புளம்தான் வரும். மலைமுகட்டிலிருந்து கிளை பிரிவதுபோல மேடுகள் இறங்க வேண்டும், இரண்டு கிளைக்கு நடுவில் ஓடை இறங்க வேண்டும். சேவ் செய்யும்போது பதினாறு பிட் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு பிட்டில் செய்துவிட்டால் சாம்பல்கள் போதாமல் போய், சரிவெல்லாம் குளத்துப் படிக்கட்டு மாதிரி தட்டுத் தட்டாக நிற்கும். இதை நான் இரண்டு தடவை பார்ப்பேன், மூடுவேன், மறுபடி திறந்து பார்ப்பேன். ஒரே படத்தை நாலைந்து பெயரில் சேவ் செய்து வைப்பேன். “அக்கா, ‘கடைசி’, ‘கடைசி சரி’, ‘கடைசி நிஜமா’ன்னு மூணு இருக்குது. இதுல எதுதான்கா உயிரோட இருக்குது?” என்று ஷபீர் அறை முழுக்கக் கேட்கும்படி கத்துவான்.

சாம்பல் படம் விளையாட்டுக்குப் புரியும், மனிதர் கண்ணுக்குப் புரியாது. கண்ணுக்கென்று இன்னொரு படம் வேண்டும். அதில் மலையின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். மென்பொருளே அதைப் போட்டுக் கொடுக்கும், ஆனால் அது போட்டால் மலை பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்ததுபோல மினுங்கும். எங்களிடம் வந்தவர்கள் பள்ளிக்கூட அட்லஸில் இருப்பதுபோல, கையால் வரைந்த தோற்றம் கேட்டார்கள். அதனால் நிழலைத் தனி லேயரில், அதாவது படத்தின் மேல் தனி அடுக்காக, கையாலேயே தீட்டினோம். மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. வெளிச்சம் எப்போதும் படத்தின் மேல் இடது மூலையிலிருந்து விழ வேண்டும். நம் கண் வெளிச்சம் மேலேயிருந்து வருவதாகவே எடுத்துக்கொண்டு பழகிவிட்டது. நீங்கள் வலது கீழ் மூலையிலிருந்து வெளிச்சம் அடித்தால், கண் குழம்பிப்போய் மலையைக் குழி என்று படித்துவிடும், பள்ளத்தாக்கை மேடு என்று படித்துவிடும்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டினதில்லை. எல்லோருக்கும் ‘ங்க’தான், ஷபீருக்கும் ‘ங்க’தான். படம் முடிந்ததென்று சொன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நமக்குப் பின்னால் உட்காருவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். கண்ணைச் சுருக்கி, எல்லாம் மங்கலாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பார். சின்னச் சின்ன அழகு எல்லாம் மறைந்துபோய் மலை நிற்கிறதா என்று மட்டும் பார்க்க அதுதான் வழி என்பார். பிடித்திருந்தால், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போவார். பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். நேராகப் பின்பக்கம் போய் முகம் கழுவுவார். குழாய்ச் சத்தம் கேட்டால் படம் போச்சு. நான் எத்தனை நாள் அந்தக் குழாய் திறக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று யாருக்கும் தெரியாது. திட்டினால்கூடத் தேவலாம் என்று இருக்கும்.

அந்தப் பெரிய வேலை வந்தபோது நாங்கள் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தோம். சின்ன வேலைகள் வரும், பாதிக் காசு வரும், மீதிக்கு நடக்க வேண்டும். சார் மாடியைக் காலி செய்யப் போவதாக ஓனரம்மாவிடம் சொல்லியும் வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் நிவேதா மேடம் இருந்த சென்னைக் கம்பெனி, வெளிநாட்டு விளையாட்டு ஒன்றுக்காக ஒரு முழுக் கண்டத்தையே கேட்டது. கண்டமும், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவும். இது தேறினால் அடுத்த ஒரு வருஷத்துக்கு வேலை தருகிறோம் என்றார்கள். தேறாவிட்டால் மாடி காலி. ஷபீர், கோகிலா, நான் மூவருக்கும் அதுவரையிலான சம்பளப் பாக்கியே இந்தப் படத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கண்டத்தை ஷபீரும் நானும் எடுத்துக்கொண்டோம். தீவைக் கோகிலாவுக்குக் கொடுத்தார் சார். கோகிலா புதிதாகச் சேர்ந்தவள், ஓவியக் கல்லூரியில் படித்தவள், டவுனில் சன்னதித் தெருப் பக்கம் வீடு. நல்ல கை. நான் ஒரு வாரம் தடவுகிற மலையை அவள் இரண்டு நாளில் எழுப்பிவிடுவாள். சேர்ந்த அன்றைக்குச் சார் விதியைச் சொன்னபோது அவள் கேட்டாள்:

“மேல் இடதுன்னா வடமேற்கு. வடமேற்குல சூரியன் என்னிக்கு சார் வந்துது?”

“சூரியனுக்காக இல்லீங்க. கண்ணுக்காக” என்றார் சார்.

அவள் தலையாட்டினாள். சார் அதை, புரிந்துகொண்டாள் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தீவின் நடுவில் ஒரே ஒரு தனி மலை வேண்டும், அந்தத் தேசத்து ஜனங்கள் கும்பிடுகிற மலை என்று குறிப்பு அனுப்பியிருந்தார்கள். “நம்ம ஊர்க்காரங்களைத் தேடிப் பிடிச்சுக் கேட்டிருக்காங்க பாருங்க” என்று சார் அன்றைக்குச் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கே கொஞ்சம் தெம்பாக இருந்தது. கோகிலா அந்த மலையை ஆசையாகச் செய்தாள். சுற்றிலும் சின்னக் குன்றுகள், காடு, சரிவில் இறங்குகிற ஓடைகள்.

எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒரே படமாக்கிய அன்றைக்கு நான் தீவைப் பார்த்தேன். மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய கிணறு தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், மலை தெரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன், மறுபடியும் கிணறு. சுற்றியிருந்த குன்றுகள் எல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி உள்ளே போயிருந்தன.

“ஷபீரு, இது உனக்கு மேடாத் தெரியுதா, குழியாத் தெரியுதா?”

அவன் எட்டிப் பார்த்தான். “மலைதான்கா. நம்ம மலையை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா.”

“எனக்குக் குழியாத் தெரியுதுடா.”

“நேத்து ஆறு அறுந்துபோச்சுன்னீங்க. முந்தாநாள் கடல் பச்சையாயிருக்குன்னீங்க. வெள்ளிக்கிழமை கரண்ட்டு போயி எல்லாம் அழிஞ்சுபோயிடும்னீங்க. இன்னிக்குக் குழியா? வீட்டுக்குப் போங்கக்கா.”

அவனைக் குறை சொல்ல முடியாது. நான் சொன்ன ஆறு அறுந்திருக்கவில்லை, கடலும் பச்சையாக இல்லை. பயந்து பயந்து சொல்கிறவள் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும்? இருந்தும் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“மலைதாங்க. ரொம்ப நல்லாவே நிக்குது. உங்களுக்குக் கண்ணு அசந்துபோயிருக்கு, போய்த் தூங்குங்க.”

எனக்கு அப்போது கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் கண்தான் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று பஸ் ஏறினேன்.

ஏன் அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் டவுன் பக்கத்திலிருந்து தெரிகிற மலைதான். கோயில் கிழக்கே, வீடுகள் கிழக்கே, கடைத்தெரு கிழக்கே. காலையில் கதவைத் திறந்தால் கிழக்கு வெயில் மலைமேல் நேராக விழுந்திருக்கும். வெளிச்சம் பட்ட அந்தக் காலை முகம்தான் எல்லோர் மனசிலும் இருக்கிற மலை. கோகிலா தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மார்கழிக் காலையில் பார்த்த மலையைத் தீட்டியிருந்தாள். கிழக்குப் பக்கம், அதாவது படத்தில் வலது பக்கம், கொஞ்சம் கீழே தள்ளி, பளிச்சென்ற வெளிச்சம். சாரும் ஷபீரும் அதைப் பார்த்தபோது வெளிச்சத்தையா பார்த்தார்கள்? பார்த்துப் பழகின மலையை அடையாளம் கண்டுகொண்டார்கள். அடையாளம் தெரிந்துபோனால் அப்புறம் குழியாகத் தெரியவே தெரியாது. தீவு கடலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்ததால், எங்கள் மலைகளோடு அதன் மலைகள் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் அன்றைக்கே காட்டிக் கொடுத்திருக்கும்.

மறுநாள் நிவேதா மேடம் பேசினார். பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது. எங்கள் ஊரில் வேலை ஒப்படைக்கிற தேதியைப் பௌர்ணமி பார்த்துத்தான் வைப்போம். அன்றைக்குக் கிரிவலத்துக்கு வருகிற ஜனத்தில் போனும் பேசாது, நெட்டும் நகராது.

மேடத்தின் குரல் மட்டும்தான் வந்தது, முகம் வரவில்லை. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற மவுஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கண்டத்தைப் பார்த்தார். “கணவாய் நல்லா வந்திருக்கு சார்” என்றார். அது நான் செய்தது. தீவுக்குப் போனார்.

“தீவும் ஓகே. சூப்பர் சார். நான் அப்ரூவ்னு போட்டுடறேன், சாயங்காலம் மெயில் வரும்.”

கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஷபீர் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான். சார் கண்ணை மூடித் திறந்தார். முடிந்துவிட்டது. எல்லாம் தேறிவிட்டது. நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

“மேடம், ஒரு நிமிஷம்” என்றேன்.

சார் திரும்பிப் பார்த்தார்.

“தீவுல இருக்கிற மலை உங்களுக்கு மேடாத்தான தெரியுது?”

“ஆமா, மலைதானே? ஏன் கேக்கறீங்க?”

ஆமாம் என்று அவர் சொன்னதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் மனசு அப்படி விடுகிற மனசு இல்லை. விளையாட்டு வெளியே போய், எங்கேயோ ஒருவன் தன் படையை அந்த மலைமேல் ஏற்றுவதாக நினைத்துக் குழிக்குள் இறக்கி, யார் செய்தது என்று கேட்டு, அது சென்னைக்கு வந்து, சார் கழுத்தில் வந்து விழுவது வரைக்கும் எனக்கு வரிசையாக ஓடியது. வாய் தானாகப் பேசிவிட்டது.

“படத்தைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்களேன் மேடம். ஒரே ஒரு தடவை.”

மவுஸ் சத்தம் கேட்டது. ஷபீரும் எங்கள் திரையில் அதையே செய்தான். படம் தலைகீழானதும் எங்கள் கண்டம் முழுக்கப் பொத்துப் பொத்தென்று உள்ளே விழுந்தது. நான் செய்த கணவாய் முதுகு மாதிரி எழும்பி நின்றது. கோகிலாவின் தீவு மட்டும் அழகாக, மலையும் குன்றுமாக மேலே வந்தது. இரண்டும் ஒரே படத்தில் இருக்க முடியாது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மறுபடி மவுஸ் சத்தம் கேட்டது, மேடம் படத்தை நேராகத் திருப்பிவிட்டார்.

“அய்யோ” என்றார். “இப்போ பள்ளமாத்தான் தெரியுது. எனக்கு இனிமே மலையாவே தெரியாது போலிருக்கே.”

அந்தக் குழப்பம் அப்படித்தான். ஒரு தடவை குழியைப் பார்த்துவிட்டால் கண் அதையே பிடித்துக்கொள்ளும். மேடம் கோபப்படவில்லை, பாவம். பௌர்ணமி அன்றைக்குள் தீவைச் சரிசெய்து கொடுத்தால் தன்னால் சமாளிக்க முடியும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பிறகு பின்பக்கம் குழாய்ச் சத்தம் கேட்டது.

“ஓகேன்னு சொல்லிட்டாங்கல்லக்கா” என்றாள் கோகிலா. “ஓகேன்னு சொன்னதுக்கு அப்புறம் என்னாத்துக்குக்கா வாயைத் தொறந்தீங்க?”

“உனக்கு மேல் இடதுன்னு சார் சொன்னாரில்ல?”

“அது பெரிய நிலத்துக்கு மட்டும்னு நினைச்சேன். மலைக்குக் காலையில வெயில் எந்தப் பக்கம் விழுது? நீங்களே சொல்லுங்க. பொறந்ததுலருந்து பார்க்கறேன். அதைப் போயித் தப்புன்னா எப்படிக்கா?”

அவள் மலையைச் சரியாகத்தான் பார்த்திருந்தாள்.

ஷபீர்தான் முதலில் எழுந்தான். “ஏன் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? நிழல் லேயரை இன்வெர்ட் போட்டா வெள்ளை கறுப்பாவும், கறுப்பு வெள்ளையாவும் ஆயிடுது. வெளிச்சம் தானா எதிர்ப்பக்கம் போயிடும். அஞ்சு நிமிஷ வேலை.” போட்டுக் காட்டினான். மலை எழும்பியது. நாங்கள் மூச்சு விட்டோம். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கோகிலா காலை வெயிலின் நீள நிழல்களைக் காட்டின் மேலும் ஓடைக் கரைகளிலும் வண்ண லேயரிலேயே தீட்டியிருந்தாள். இன்வெர்ட் போட்டால் மரம் எல்லாம் ஊதா நிறமாகிவிடும். ஒவ்வொன்றாகக் கையால் அழித்து, கையால்தான் மறுபக்கம் போட வேண்டும்.

தீவை நாலாகப் பிரித்துக்கொண்டோம். சாரும் மவுஸைப் பிடித்தார். அவர் பிரஷ் பிடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கோகிலா என்னோடு பேசவில்லை. ஆனால் நான் அழித்துவிட்டு அனுப்புகிற துண்டுகளை வாங்கி, இடது பக்கம் வெளிச்சம் வைத்து, ஒரு தப்பும் இல்லாமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவள் தன் கைக்குட்டையை நனைத்துக்கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

பௌர்ணமி அன்று மத்தியானம் தீவு முடிந்தது. அனுப்பப் போனால் நெட் நகரவில்லை. பதினாறு பிட் படம், கனமான படம். கொஞ்சம் போகும், நிற்கும், முதலிலிருந்து தொடங்கும். ஊருக்குள் லட்சக்கணக்கில் ஜனம் இறங்கிக்கொண்டிருந்தது. ஷபீர் ஹார்டு டிஸ்க்கை டிபன் பாக்ஸ் பையில் போட்டுக்கொண்டான்.

“நான் சென்னைக்கே போய்க் குடுத்துட்டு வரேன்.”

“பஸ்ஸு எல்லாம் ஊருக்கு வெளியதான்டா நிக்கும். பத்திரம். பையைக் கீழ வெக்காத. மடியில வெச்சுக்கோ. யாராவது…”

“அக்கா, என்னைக் கடத்திட்டுப் போனாலும் இந்தத் தீவை எவன்கா எடுப்பான்?”

அவன் சிரித்துக்கொண்டேதான் படி இறங்கினான். ஊருக்குள் வருகிற ஜனத்துக்கு எதிரே நடந்து, வெளியூர்ப் பஸ் நிறுத்தத்தைப் பிடித்து, சென்னை போய்ச் சேர்ந்தபோது மறுநாள் விடிந்துவிட்டிருந்தது. மேடத்தின் மேலிடத்தில் தீவை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். கண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், தாமதத்துக்கென்று அதிலும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருஷ வேலை என்ற பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. ஷபீருக்கு மட்டும், அவன் அங்கே காத்திருந்த நேரத்தில் யாரோ ஒருவர் பேசிப் பார்த்து, பின்னால் வேலை கொடுத்தார்கள். அதற்காவது அந்தப் பயணம் உதவியது.

அந்த மாத முடிவில் மாடியைக் காலி செய்தோம். மேஜைகளை இறக்கிய பிறகு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“முந்தின நாளே சொன்னீங்க. நான்தான் சரியாப் பார்க்கலை” என்றார். “ஆனா மேடம்கிட்ட நேரா சொல்லியிருக்க வேணாங்க. அவங்க வெச்சதுக்கப்புறம் என்கிட்ட சொல்லியிருந்தா, சத்தமில்லாம மாத்தி அனுப்பியிருக்கலாம்” என்றார்.

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. அவர் சொன்ன பிறகுதான் அப்படி ஒரு வழி இருந்ததே எனக்குத் தெரிந்தது. நான் எத்தனையோ ராத்திரி அந்த ஒரு வார்த்தையைப் போட்டுப் புரட்டியிருக்கிறேன். முதல் பாதியை நினைத்தால் ஆறுதலாக இருக்கும், இரண்டாம் பாதி வந்து அதைக் கெடுத்துவிடும்.

நான் அதற்குப் பிறகு அதிக நாள் வேலையில் நீடிக்கவில்லை. ஸ்டுடியோவுக்கே திரும்பிப் போய் இரண்டு வருஷம் பேனர் முகங்களைத் திருத்தினேன். கண் ஆபரேஷன் ஆனதும் நிறுத்திவிட்டேன். கோகிலா இப்போது பெங்களூரில் இருக்கிறாள். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாள். போன வருஷம் ஷபீர் ஊருக்கு வந்தபோது டீக்கடையில் உட்கார்ந்து அந்த விளையாட்டைத் தன் போனில் காட்டினான். என் கணவாய் வழியாக எறும்பு மாதிரி ஒரு படை ஊர்ந்து போனது. “தீவைக் காட்டுடா” என்றேன். வேறு யாரோ செய்த தீவு, சுத்தமாக இருந்தது. எனக்கு ஒரு மாதிரி சந்தேகம் வந்து போனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். படம் தானாகவே நிமிர்ந்துகொண்டது. ஷபீர் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். இப்போது மென்பொருளே விதிப்படி இடது மேலிருந்து வெளிச்சம் போட்டுவிடுகிறது. சரிதான். ஆனாலும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். குழி தெரிந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் நம்பாவிட்டால் அவர் முன்னாலேயே திருப்பிக் காட்டுங்கள். நான் அதைச் சாரிடம் அன்று சாயங்காலமே செய்திருக்கலாம். எனக்குத் தெரிந்த வித்தைதான், ஸ்டுடியோவில் தினமும் செய்ததுதான். மேடம் ஓகே சொல்கிற வரைக்கும் அது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

சார் இப்போது வேலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கண்டத்துக்கு வந்த பணத்தில் முதலில் கோகிலாவுக்குச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தார், அவள் செய்த தீவுக்கு ஒரு பைசா வராவிட்டாலும். பிறகு ஷபீருக்கு. என்னிடம் மட்டும், “உங்க சம்பளத்தைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சுக்கலாங்களா?” என்று கேட்டார். சரி என்றேன். நான் பேசியதால்தானே பணம் போனது என்று எனக்கு. அவர் அதை அப்படி விடவில்லை. தன் பென்ஷன் மாதிரி ஏதோ வருகிறதிலிருந்து மாதம் ஒரு தடவை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போனில் எனக்கு அனுப்புகிறார். வேண்டாம் சார் என்று சொன்னால் அவருக்கு மனசு வருத்தப்படுமோ என்று பயம். பேசாமல் வாங்கிக்கொண்டால், மாத்திரை வாங்க வைத்திருந்ததையா அனுப்புகிறார் என்று அதற்கொரு பயம். ஒருமுறை துணிந்து, “மீதி இருக்கட்டும் சார்” என்று சொல்லிப் பார்த்தேன். “கணக்கு கணக்குங்க” என்று போனை வைத்துவிட்டார். போன வாரம் ஐந்நூறு வந்தது. அது போக இன்னும் பாக்கி பதினோராயிரத்து எழுநூறு ரூபாய்.